எதிலிருந்து எடுத்த கொப்பி?

2025 ஒக்டோபர் 4

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "பழைய படம், ரீமாஸ்டர் செய்தது, அதாவது திருத்திப் புதுப்பித்தது என்று சொல்லி விற்கிற டிவிடியும் ப்ளூரேயும் வாங்கிச் சேர்க்கிறீர்களே, யூடியூப்பில் சும்மா கிடைப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பெட்டிக்குத்தானே காசு?"

இல்லை தம்பி. பெட்டியை விடுங்கள், தகட்டையும் விடுங்கள். நான் கேட்பது ஒன்றைத்தான்: அந்தக் கொப்பியை எதிலிருந்து எடுத்தார்கள்?

கமெராவுக்குள் ஓடிய நெகட்டிவ் ஒன்று இருக்கும். அதிலிருந்து தியேட்டர்களுக்குப் பிரின்ட் போட வேண்டும். நெகட்டிவைப் பூட்டி வைத்துவிட்டு, நடுவில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து பிரின்ட் அடிப்பதுதான் பாதுகாப்பான முறை. இந்தியாவில் செலவைப் பார்த்துப் பெரும்பாலும் மூல நெகட்டிவிலிருந்தே நேராக அடித்தார்கள். படம் எவ்வளவுக்கு ஓடியதோ அவ்வளவுக்கு நெகட்டிவும் தேய்ந்தது. சனம் விழுந்து விழுந்து பார்த்த படங்கள் இன்றைக்குக் கீறலும் புள்ளியுமாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி என் கதை. வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு கடை. அட்டையில் பொன் எழுத்தில் ரீமாஸ்டர் என்று போட்டிருந்தது. ஆசையோடு வாங்கி வந்து போட்டால், 18வது நிமிடத்தில் திரையின் மேல் வலது மூலையில் ஊசியால் கீறிய பெருக்கல் குறி. தியேட்டரில் படத்தைப் பல ரீலாக இரண்டு புரொஜெக்டரில் மாறி மாறி ஓட்டுவார்கள். ரீல் முடியப்போகிறது, மற்ற மெஷினை ஓடவிடு என்று அதை ஓட்டும் ஆபரேட்டருக்குக் காட்டுகிற குறி அது. பிரின்ட் அடிக்கிற லாபில் (ஆய்வுகூடத்தில்) போடுகிற குறி சின்ன வட்டமாக இருக்கும். கையால் கீறியிருந்தால் அது ஏதோ ஒரு தியேட்டரில் நாள்கணக்காக ஓடித் தேய்ந்த பிரின்ட். அதை டேப்பில் ஏற்றி, டேப்பிலிருந்து டிவிடி அடித்து, அந்த டிவிடியையே பெருப்பித்து ப்ளூரே என்று விற்றிருக்கிறார்கள். அந்தக் கீறலைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒருவன் படத்தின் முகத்திலேயே கோடு இழுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஆகவே தம்பி, யூடியூப்பும் அந்தத் தகடும் ஒன்றுதான் என்றால் அந்தத் தகட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. எல்லாத் தகட்டுக்கும் அது பொருந்தாது.

2025 ஒக்டோபர் 5, காலை

"வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வாங்கும் முன் கஷ்டம். வாங்கிய பின் ஒரு வழி இருக்கிறது. இந்தியப் படமென்றால் தொடக்கத்திலேயே தணிக்கைச் சான்றிதழ் வரும், நாம் வழக்கமாக ஓடவிட்டுத் தாண்டிப் போவோம். அங்கே நிறுத்துங்கள். படத்தின் நீளம் அதிலே எழுதியிருக்கும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் 27.4. என்னிடம் உள்ள ஒன்றில் 4,380 மீட்டர் என்று தெளிவாகத் தெரிகிறது. வகுத்தால் 160 நிமிடம். தகடு ஓடுவதோ 134 நிமிடம். இரண்டு பாட்டும் ஒரு முழு நகைச்சுவைப் பகுதியும் எங்கோ போய்விட்டன. அட்டையில் "முழு நீளத் திரைப்படம்".

இன்னொன்று, வேகம். ஃபிலிம் நொடிக்கு 24 படம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வரும் டிவிடி நொடிக்கு 25. அப்படியே ஏற்றிவிட்டால் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். என் மனைவி வயலின் சொல்லிக்கொடுக்கிறவள். குசினியில் நின்றுகொண்டே, "இந்தப் பாட்டின் சுருதி இது இல்லையே, ஒரு கட்டை ஏறிக் கிடக்கிறது" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கே இந்த விஷயம் பிடிபட்டது.

2025 ஒக்டோபர் 5, இரவு

திருத்தம். ஒரு கட்டை என்று எழுதியது பிழை. நான்கு சதவீத வேகத்துக்கு அரைக் கட்டைக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். மனைவி வாசித்துவிட்டு, அரைக் கட்டை என்றுதான் தான் சொன்னதாகச் சொல்கிறாள். அவள் சொன்னதுதான் சரி.

காலையில் போட்ட கணக்கையும் ஒழுங்காக முடிக்கிறேன். அந்த 134 நிமிடத் தகடும் பால் முறைதான். சரியான வேகத்துக்குத் திருப்பினால் ஏறக்குறைய 140 நிமிடம். எனவே வெட்டியது 26 நிமிடம் இல்லை, 20. அதுவும் கொஞ்சமில்லை.

2025 ஒக்டோபர் 9

"அப்படியென்றால் உண்மையாக ரெஸ்டோர் செய்தது, மீட்டெடுத்தது, எப்படி இருக்கும்?" நல்ல கேள்வி, இரண்டு நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சத்யஜித் ராய் அப்பு என்ற பையனின் கதையாகச் செய்த வங்காளப் படங்கள் மூன்றை எடுங்கள். அவற்றின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லாபில் தீப்பிடித்து எரிந்தன. மிஞ்சிய கருகலை யாரும் தூக்கி எறியவில்லை, அமெரிக்காவில் அக்கடமி ஃபிலிம் ஆர்க்கைவ் என்ற காப்பகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து இத்தாலியில் பொலோனியா நகரத்து லாபில், உலர்ந்து சுருண்டு ஒட்டிப்போயிருந்த ஃபிலிமுக்கு ஈரம் ஏற்றி விரித்து, உடைந்த துளைகளைக் கையால் ஒட்டி, ஸ்கேன் செய்தார்கள். கைவேலை மட்டுமே ஆயிரம் மணித்தியாலத்துக்குக் கிட்ட. முதல் படத்தில் நாற்பது சதவீதம்தான் அந்த நெகட்டிவிலிருந்து கிடைத்தது. மீதிக்கு வேறு பிரதிகள். 2015இல் வந்த அந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது. கூடவே வரும் குறும்படத்தில் கறுத்த ரீல் ஒன்றைக் கையுறை போட்ட விரல்கள் திறப்பதைக் காட்டுகிறார்கள். நான் படத்தைவிட அதைத்தான் கூடத் தடவை பார்த்திருப்பேன்.

நம்முடைய ஊரையும் சொல்ல வேண்டும். சிங்களப் பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் கம்பெரலிய கலிஃபோர்னியாவில் மீண்டு 2008இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் ஓடியது. அவருடைய நிதானய 2013இல் பொலோனியாவில், அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய நிறுவனத்தின் முயற்சியில் மீண்டது. இந்த ஆண்டு மே மாதம் சுமித்ரா பீரிஸின் கெஹெனு லமய், 1978இல் வந்த அவருடைய முதல் படம், கானிலே 4கே என்ற உயர் தெளிவில் காட்டப்பட்டது. மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் செய்த வேலை. இப்படிச் செய்கிறவர்கள் எந்த நெகட்டிவ், எந்தப் பிரின்ட், எங்கே கிடைத்தது என்று எழுதி வைக்கிறார்கள். நான் காசு கொடுப்பது அந்தக் குறிப்புக்கும் சேர்த்துத்தான்.

2025 ஒக்டோபர் 12

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க இருப்பவர்கள் கவனிக்க: ப்ளூரேயில் வலயப் பூட்டு உண்டு. அமெரிக்கத் தகடு ஏ, இங்கிலாந்துத் தகடு பி, நம்முடைய பக்கம் சி. கடையில் வாங்கிய சாதாரண பிளேயரில் அமெரிக்கத் தகடு ஓடாமல் போகலாம். 4கே தகட்டுக்கு அந்தப் பூட்டு இல்லை. டொரொன்டோவிலுள்ள மச்சாளிடம் சொல்லி எடுப்பித்த முதல் தகடு என் பிளேயரில் ஓடவில்லை, மூன்று மாதம் அலுமாரியில் கிடந்தது.

2025 ஒக்டோபர் 18

ஒருவர் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கிய பழைய பாட்டு ஒன்றின் இணைப்பை அனுப்பி, "இதைவிட என்ன வேண்டும்?" என்று கேட்டார். பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன், அவசரப்பட்டு எதுவும் சொல்லக்கூடாதென்று.

கதாநாயகி தலையைத் திருப்பும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பழைய கொப்பியில் மூக்குத்தி ஒரு வெள்ளைப் பொட்டாக மின்னும். இதிலே மூக்குத்தி இல்லை. அதைத் தூசியென்று நினைத்து மெஷின் துடைத்துவிட்டது. மல்லிகைச் சரம் ஒரே வெள்ளைக் கட்டியாகிவிட்டது. கன்னம் மெழுகு. ஃபிலிமில் மணல் தூவினாற்போல் தெரிவது அழுக்கு அல்ல, படம் பதிந்திருப்பதே அந்த மணிகளில்தான். அதை அழித்தால் முகத்தையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாட்டை என் மகள் கடைசிவரை இருந்து பார்த்தாள். பழைய கொப்பியைப் போட்டால் அரை நிமிடத்தில் எழுந்து போயிருப்பாள். சனத்துக்குப் பளிச்சென்று வேண்டும், அதில் பிழையில்லை. 1964இல் வந்த கர்ணனை டிஜிட்டலில் திருத்தி 2012இல் தியேட்டருக்கு விட்டார்கள். சென்னையில் நூறு நாளுக்கு மேல் ஓடியது. வீட்டிலே சும்மா கிடைக்கிற படத்துக்கு ரிக்கற் எடுத்துப் போனார்கள். ஆக, பார்க்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

2025 ஒக்டோபர் 21

நேற்றுத் தீபாவளி. கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டுக்குப் போனோம். அம்மாவின் தம்பி, வயது 78. இளமையில் அங்கேயே ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். சாப்பிட்டு முடிந்து கதை படத்தில் போய் நின்றது, நான் இங்கே எழுதுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார்.

மூடி லேசில் கழரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்ததும் அறை முழுக்க வினாகிரி மணம். மாமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "போத்தல் ஏதும் கவிழ்ந்துவிட்டதா?" என்று கேட்டார். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் அழியத் தொடங்கினால் இந்த மணம்தான் வரும். வெக்கையும் ஈரப்பதனும் சேர்ந்தால் அது வேகம் பிடிக்கும், கொழும்பில் இரண்டுக்கும் குறைவில்லை. வெளிச்சுற்று அலை அலையாக நெளிந்திருந்தது. இரண்டு அடி மட்டும் விரித்து மேசை விளக்குக்கு நேரே பிடித்தேன். முகம், சேலை, கடல், வானம் எல்லாமே இளஞ்சிவப்பு. அந்தக் காலத்துக் கலர் பிரின்ட்களில் நீலத்தைத் தாங்கும் சாயம் முதலில் போய்விடும், மிஞ்சுவது இந்தச் சிவப்புத்தான்.

எந்தப் படமென்று நெஞ்சு படபடக்கப் பார்த்தால், அது வரப்போகும் படங்களின் ட்ரெயிலர்களும் விளம்பரங்களும் ஒட்டிச் சேர்த்த ரீல். எனக்கு ஏமாற்றம். மாமாவுக்கு இல்லை. "இதைத்தான் படத்துக்கு முதல் ஓட்டுவேன்" என்று சொல்லி, விரித்த இரண்டு அடியையும் தானே திருப்பிச் சுற்றினார். அப்போது அவருடைய விரலில் நடுக்கமே இல்லை.

2025 ஒக்டோபர் 22

யாரிடமாவது இப்படி ரீல் இருந்தால்: புரொஜெக்டரில் போடாதீர்கள், சுருங்கிய ஃபிலிமின் துளைகள் பல்லில் மாட்டிக் கிழியும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், அந்த ஆவியே அதைத் தின்னும். வினாகிரி மணக்கும் ரீலை மற்ற ரீல்களோடு வைக்காதீர்கள். விளிம்பில் கொடக் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னங்கள் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். ஃபிலிம் எந்த ஆண்டில் தயாரானது என்பதை அவை காட்டும். இருபது ஆண்டுக்கொருமுறை அதே சின்னம் திரும்ப வரும், ஆகவே ஆடைகளையும் வாகனங்களையும் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

2025 நொவெம்பர் 2

பத்து நாளாக ஒன்றும் எழுத மனம் வரவில்லை. அந்த ரீல்தான் காரணம். இவ்வளவு நாளும் நான் இந்தியப் படங்களைப் பற்றியும் சிங்களப் படங்களைப் பற்றியுமே எழுதியிருக்கிறேன். இலங்கைத் தமிழ்ப் படங்களை எங்கே தொட்டேன்?

1963இல் தோட்டக்காரி. 1972இல் குத்துவிளக்கு. 1976இல் வானொலி நாடகத்திலிருந்து பிறந்த கோமாளிகள். 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றைத் தமிழிலேயே எடுத்த பொன்மணி, கதை வசனம் காவலூர் இராசதுரை. 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வாடைக்காற்று. அந்த ஓராண்டில் மட்டும் எத்தனை தமிழ்ப் படங்கள் வந்தன என்று அப்பா விரல் விட்டு எண்ணிச் சொல்லுவார், எண்ணும்போதே அவருடைய குரல் மாறும். பிறகு 1983 ஜூலை. தியேட்டர்கள் எரிந்தன. ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தது, சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் அங்கேதான் எரிந்தன. எரித்தவர்கள் யாருடைய படத்தை எரிக்கிறோம் என்று பார்க்கவில்லை.

தம்பியின் முதல் கேள்விக்கு இப்போது வேறு மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது. எதிலிருந்து எடுத்தது என்று நான் கேட்கிறேனே, நெகட்டிவும் இல்லை, நல்ல பிரின்டும் இல்லை என்றால் எதிலிருந்து எடுப்பது? அப்போது டேப்பிலிருந்து எடுத்ததைக் குறை சொல்ல முடியாது. யாரோ ஒரு வீட்டில் தொலைக்காட்சியிலிருந்து பதிந்து வைத்த வீஎச்எஸ் வீடியோ கசெட்தான் அந்தப் படத்துக்கு மிஞ்சிய உடம்பாக இருக்கலாம். ஒக்டோபர் 4இல் எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு நான் எழுதிய தோரணை இப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே வாசிக்கிறவர்கள் வீட்டில் கசெட் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். லேபலில் கல்யாண வீடு என்று எழுதியிருந்தாலும் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள், மிச்சத்தில் என்ன பதிந்திருக்கிறதோ.

2025 நொவெம்பர் 5

போயா விடுமுறை, பௌர்ணமி நாள். மாமா ஓட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஒரு பை, பைக்குள் ஆறு கசெட். நான் கேட்கவே இல்லை. என் மகள் இந்தப் பதிவுகளை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

மூன்றில் வெள்ளைப் பூஞ்சணம். அவற்றை மெஷினில் போடவில்லை, போட்டால் டேப்பைப் படிக்கும் தலை கெடும், பிறகு நல்ல கசெட்டையும் கெடுக்கும். கசெட் ஓட்டும் புது டெக் எங்கேயும் வாங்க முடியாது, ஜப்பானில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. என்னுடையது பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓடுவது. மற்ற மூன்றில் ஒன்றில் சீமந்தம். ஒன்றில் கிரிக்கெட். மூன்றாவதில் ஒரு படத்தின் பின்பாதி, எழுத்து ஓடும் தொடக்கம் இல்லை. இடையில் விளம்பரம், செய்திக்கு ஒரு இடைவெளி, திரும்பப் படம். பேச்சு எங்களுடைய பேச்சு. ஒரு பாத்திரம் "கெதியா வா" என்று சொன்னதும் மனைவி வந்து கதிரையில் இருந்துவிட்டாள்.

2025 நொவெம்பர் 9

கேட்கிறவர்கள் எல்லோருக்கும்: படத்தின் பெயரை மாமா முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டார். தயாரித்தவரின் குடும்பத்தைத் தேடிப் பேசும்வரை இங்கே போட மாட்டேன். அது அவர்களுடைய சொத்து. கணினிக்கு ஏற்றும் வேலை நடக்கிறது. கூர்மையாக்கவில்லை, சத்தத்தைத் துடைக்கவில்லை, விளம்பரத்தைக்கூட வெட்டவில்லை. ஏற்றியது அப்படியே ஒரு கொப்பியாக இருக்கும், திருத்துவதென்றால் வேறு கொப்பியில்.

2025 நொவெம்பர் 16

இன்றைக்கு முடிந்தது. மாமாவையும் கூட்டிவந்து கணினித் திரையில் போட்டோம்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டி படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். கணினியில் முழுச் சட்டமும் தெரியும். அதனால் அந்தக் கசெட்டை வீட்டில் எத்தனையோ தடவை பார்த்த மாமாவும் இதைப் பார்த்திருக்கவில்லை. கடற்கரையில் ஒரு பெண் வலையை விரிக்கிறாள், மேல் வலது மூலையில் சட்டென்று ஒரு கீறல் வந்து போகிறது. பெருக்கல் குறி இல்லை. சாய்ந்த இரண்டு கோடு, இரண்டாவது கோட்டின் அடி வளைந்திருந்தது.

"நிப்பாட்டு" என்றார் மாமா.

பின்னுக்கு எடுத்தேன். ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினேன். நாலு சட்டத்தில்தான் அது இருக்கிறது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"நான் போட்டது. மற்றவன் பெருக்கல் போடுவான், எனக்கு அது விளங்காது, நான் இப்படித்தான் போடுவேன். கைவசம் சாக்கு ஊசி வைத்திருந்தேன்."

தொலைக்காட்சியில் போட்ட பிரின்ட் கொட்டாஞ்சேனையில் அவருடைய மெஷினில் ஓடியது. எந்தப் பிரின்டிலிருந்து எடுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. படத்தோடு வைக்கும் குறிப்பில் முதல் வரியாக அதை எழுதியிருக்கிறேன்: பிரின்ட், கொட்டாஞ்சேனை, கோடு இழுத்தவர், என் மாமா.

அடுத்த ரீல் முடிவிலும் வரவேண்டும் என்று சொல்லி எழும்பாமல் இருந்தார். தேநீர் ஆறியது. விளம்பரங்களைக் கழித்துப் பத்தொன்பதாவது நிமிடத்தில் அதே இரண்டு கோடு, அதே வளைவோடு வந்தது.